கை திரும்பிய ஊர்

சிப்பித்துறையில் கஸ்பார் தன் பெண்சாதி டெல்பினாவை அடிக்கக் கையை ஓங்கியதும், ஓங்கிய கை பாதி வழியில் திரும்பி வந்து அவன் கன்னத்திலேயே அறைந்ததும் ஒரு வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் நடந்தது. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்பது காரணம், அல்லது உப்பு கூடியதை அவன் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள் என்பது காரணம். காரணத்துக்கு அந்த வீட்டில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. குறி தவறிவிட்டது போல என்று நினைத்து கஸ்பார் மறுபடி ஓங்கினான், கை மறுபடியும் அவன் கன்னத்துக்கே வந்தது, இடக்கையை ஓங்கிப் பார்த்தான், அது அடுத்த கன்னத்தைப் பிடித்துக்கொண்டது. டெல்பினா வழக்கம்போல் கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சத்தம் கேட்கிறதே, வலியைக் காணோமே என்று ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, சோறு குழைந்துகொண்டிருந்ததால் அடுப்பை அணைக்கப் போனாள்.

மறுநாள் விடியற்காலையில் வள்ளம் தள்ள வந்த ஆண்களில் பாதிப் பேருக்குக் கன்னம் வீங்கியிருந்தது. ஒருவன் பல்வலி என்றான். "எனக்கும் பல்வலிதாம்ல" என்றான் இன்னொருவன். கடற்கரை முழுக்கப் பல்வலியாக இருந்தது, ஒருவரும் அதற்கு மேல் கேட்கவில்லை, வள்ளங்கள் எப்போதும்போலப் போயின, மீனும் எப்போதும்போலத்தான் கிடைத்தது.

ஊர் காரணத்தைத் தேடி அலையவும் இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் மாதா கோயில் பங்கு மண்டபத்தில் பொம்பளைகள் போர்த்துகீசு படித்தார்கள், சாயங்காலம் கை திரும்பியது, இதில் தேட என்ன இருக்கிறது? அந்தப் பாஷை சிப்பித்துறைக்குப் புதிதும் இல்லை. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்த பறங்கிகள் இந்தக் கரையில் ஞானஸ்நானம் கொடுத்து, குடும்பத்துக்கு ஒரு பட்டப்பெயரும் கொடுத்து, சாவி, சன்னல், மேசை, அலமாரி, துவாலை, பொத்தான் என்று வீட்டுக்கு வேண்டிய சொற்களையெல்லாம் இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எல்லாம் பொருள்களின் பெயர்கள். வினைச்சொற்களை அவர்கள் இறக்கவே இல்லை, வந்த கப்பலிலேயே திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள், அவை இத்தனை காலம் கடலில் கிடந்துவிட்டு, கிளாரிந்தா டீச்சரின் வாய்வழியாக அந்த மத்தியானம் கரையேறின.

கிளாரிந்தா டீச்சர் கோவாக்காரி. துறைமுகத்தில் வேலை பார்த்த புருஷனோடு தூத்துக்குடிக்கு வந்து, அவர் செத்த பிறகும் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவள். போர்த்துகல்லில் வயசாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களுக்கு ஆள் வேண்டும், பாஷை கொஞ்சம் தெரிந்தால் போதும் என்று ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பி, சிப்பித்துறைப் பெண்கள் அவளிடம் படித்துக்கொண்டிருந்தார்கள். டெல்பினாவும் அதற்குத்தான் போனாள். அவளுக்கு செரஃபினா என்று ஒரு மகள். ஒன்பது வயசு, பிறந்ததிலிருந்து கால் நிற்காது, வலக்கை மடங்கியே இருக்கும், இடக்கை அசையும், ஆனால் இந்தப் பக்கம் வா என்றால் அந்தப் பக்கம் போகும். முதலில் தான் போய்க் காலூன்றி, பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு, கஸ்பாரின் கை எட்டாத தூரத்துக்குப் போய்விட வேண்டும் என்பது டெல்பினாவின் கணக்கு.

அன்றைக்குப் பாடம், செய்தவரிடமே திரும்பி வரும் வினைகள். லாவு-மி என்று டீச்சர் எழுதினாள், என்னை நானே கழுவிக்கொள்கிறேன். பெந்தேயு-மி, தலை சீவிக்கொள்கிறேன். "கடைசியில குட்டியா ஒரு 'மி' இருக்கு பாருங்க, அது வாசல்ல படுத்திருக்கிற நாய் மாதிரி. செய்கையை வெளிய போக விடாது, திரும்ப வீட்டுக்கே விரட்டிடும்."

பக்கத்து வீட்டு ரீத்தம்மாள் எழுந்தாள். "இது எங்களுக்குத் தெரிஞ்ச பாடம்தான் டீச்சர். பொறுத்துக்கிடு, அனுசரிச்சுக்கிடு, மனசத் தேத்திக்கிடு, ஒதுங்கிக்கிடு. பொறந்ததுலேருந்து இதத்தான படிக்கோம். ஆம்பளையளுக்குத்தான் யாரும் சொல்லிக்குடுக்கல."

பெண்கள் சிரித்தார்கள். டெல்பினாவுக்குச் சிரிப்பு வரவில்லை, விலாவில் முந்தின வாரத்து வலி இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்த ஆத்திரத்தையெல்லாம் குரலில் போட்டு, லாவு-மி, பெந்தேயு-மி என்று அவள் கத்தினாள், அவள் கத்தியதைக் கேட்டு மற்றவர்களும் கத்தினார்கள், மண்டபத்து ஓடுகளில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. கடைசியாக டீச்சர் அர்ரெபெந்தேர்-சி என்று ஒன்று எழுதினாள். மனம் வருந்துதல். "இதுக்குக் கடைசியில ஒட்டியிருக்கிற இந்த 'சி' வால் இல்லாம உருவமே கிடையாது. ஒருத்தர் செஞ்சதுக்கு இன்னொருத்தர் வருந்த முடியாது." இதன் பாக்கியைச் சொல்ல அவள் வாயைத் திறந்தபோது கரண்ட் போய்விட்டது, வெக்கை தாங்காமல் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். பாடம் பாதியில் நின்றது.

சிப்பித்துறை அதிசயத்தை எப்படி ஏற்றுக்கொண்டது என்றால், மழைக்காலத்தை ஏற்றுக்கொள்வதுபோல முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டது. பொருள்களின் மேல் கை எப்போதும்போல் வேலை செய்தது, வலை பின்னியது, மீன் அறுத்தது. மனுஷர்மேல் போனால்தான் திரும்பியது. சலூன்காரர் வாடிக்கையாளருக்குச் சவரம் செய்யப்போய்த் தன் மீசையை இழந்தார், அதற்குப் பிறகு கத்தியை அவரவர் கையில் கொடுத்துவிட்டு, காதோரம் பார்த்து, தாடைக்குக் கீழே மெதுவாக என்று வாயால் சவரம் செய்தார். ஊசி போட வந்த நர்சம்மா எல்லா ஊசியையும் தனக்கே போட்டுக்கொண்டு, இந்த வருஷம் எனக்கு ஒரு காய்ச்சலும் வராது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். பங்குச் சாமியார் குழந்தைக்கு ஊற்றிய ஞானஸ்நானத் தண்ணீர் அவர் தலையிலேயே விழுந்தது, அவர் துவாலையால் துடைத்துக்கொண்டு, எனக்கும் தேவைதான் என்றார். அந்த மாதம் நடந்த ஒரே கல்யாணத்தில் மாப்பிள்ளை கட்டிய தாலி மாப்பிள்ளை கழுத்திலேயே ஏறியது, அவன் அதைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு பந்திக்குப் போனான், பெண் வெறுங்கழுத்தோடு நிம்மதியாக உட்கார்ந்து பாயாசம் குடித்தாள். சாராயக்கடை வாசலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டது மட்டும் எப்போதும்போல் மூஞ்சி மாறாமல் விழுந்தது, குடிகாரன் விஷயம் என்று அதை யாரும் கவனிக்கவில்லை.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். ஆனால் கடற்கரையில் குகைபோலக் கட்டியிருந்த மாதா கெபி இருட்டாகிவிட்டது.

இதைப் புரிந்துகொள்ள அந்த ஊரின் ஒரு வழக்கம் தெரிய வேண்டும். சிப்பித்துறையில் பெண்சாதியை அடிப்பது குற்றம் இல்லை, ரத்தம் வர அடிப்பதுதான் குற்றம். அதற்குத் தண்டனை உண்டு. ரத்தம் பார்த்த கை மாதாவுக்கு ஒரு கட்டு மெழுகுவத்தி கொடுக்க வேண்டும், இது முன்னோர் வைத்த சட்டம். கட்டை அவன் வாங்கி வருவான், ஏற்ற வேண்டியது அவள். வீங்கின உதட்டோடு, கட்டுப்போட்ட நெற்றியோடு அவள் ஒவ்வொன்றாக ஏற்றுவாள், கடல்காற்று அணைத்தால் உள்ளங்கையைக் குவித்து மறைத்து மறுபடி ஏற்றுவாள், அவன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான், அதோடு சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம். வெளியூர்க்காரர்கள் கடலிலிருந்தே அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, சிப்பித்துறைக்காரர்களுக்குத்தான் என்ன பக்தி என்பார்கள். என்ன பக்தி! அந்தக் கெபியின் சுவர் முழுக்கப் படிந்திருந்தது மெழுகுப்புகை என்று சொன்னால் நம்புகிறவர்கள் நம்பட்டும். டெல்பினா எத்தனை கட்டு ஏற்றியிருப்பாள் என்று மாதாவுக்குத்தான் தெரியும், மாதாவும் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை.

கை திரும்பிய பிறகு ஒரு கட்டுகூட வரவில்லை. மாதா திருநாள் கொடியேற்றம் நெருங்கிக்கொண்டிருந்தது. கெபி இருட்டாகக் கிடந்தால் ஊருக்கு மரியாதையா என்று ஊர்க் கமிட்டித் தலைவர் தொம்மை கர்வாலோ கேட்டார். அடிக்க முடியவில்லை என்று ஒரு ஆம்பளையும் சொல்லவில்லை, எல்லாரும் வெளிச்சம் இல்லை என்றுதான் சொன்னார்கள். பங்கு மண்டபத்தைப் பூட்டினார்கள். கொடியேற்றத்தன்று காலையில் பொம்பளைகள் எல்லாரும் கொடிமரத்தடியில் டீச்சரோடு நின்று அந்தப் பாடத்தைப் பின்னாலிருந்து முன்னால் சொல்லித் திருப்ப வேண்டும், மறுத்தால் ஊர்விலக்கு என்று கமிட்டி தீர்மானித்தது.

பெண்களில் பெரும்பாலானவர்கள் முடியாது என்றார்கள். டெல்பினாதான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அவளுடைய கையும் திரும்பியிருந்தது. செரஃபினாவுக்கு ஊட்டப்போனால் கவளம் அவள் வாய்க்கே வந்தது. குளிப்பாட்டத் தண்ணீர் மொண்டால் அவளே நனைந்தாள். மகளின் தலையை வாரச் சீப்பை எடுத்தால் தன் தலைதான் படிந்தது, செரஃபினாவின் முடி சிக்குப்பிடித்துக் கிடந்தது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் தாங்களே சாப்பிட்டார்கள், தாங்களே குளித்தார்கள். செரஃபினா மட்டும் தட்டில் முகத்தை வைத்து நக்கித் தின்றாள், தின்றதில் பாதி மூக்கில் ஏறிப் புரைபோயிற்று, நாளுக்கு நாள் கன்னம் ஒட்டியது.

"அடியைத் தடுத்தியே மாதாவே, சோத்தையும் சேத்தா தடுப்பே?" என்று டெல்பினா சமையலறையில் நின்று கத்தினாள். "ஒனக்கு நல்ல கை எது, கெட்ட கை எதுன்னு தெரியாதா? நீயும் ஒரு புள்ள பெத்தவதான?"

தொம்மை கர்வாலோவுக்கு இது தெரிந்திருந்தது. தெரிந்துதான் அவர் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் வாசலில் வந்து நின்று, இரக்கப்படுகிற குரலில் பேசினார்.

"எம்மா டெல்பினா, பெத்த புள்ளைக்கு ஒரு வாய் சோறு ஊட்ட முடியல. இதுல என்னம்மா வீம்பு? நீ முன்னால நின்னு சொல்லு, மத்தவளுவ தன்னால சொல்லுவாளுவ."

"சொன்னா அவரு கையும் திரும்ப வந்துருமே, தலைவரே."

"புருஷன் பெண்சாதின்னா அப்படி இப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கிடு. புள்ளைக்காகப் பொறுத்துக்கிடு."

அவர் போன பிறகு டெல்பினா ரொம்ப நேரம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்மேல் வந்த கோபத்தைவிட, அவர் சொன்னது சரியாகிப்போனதே என்ற கோபம் பெரிதாக இருந்தது. மகள் வயிறு நிறைய வேண்டுமானால் தான் அடி வாங்க வேண்டும் என்று உலகத்தை யார் இப்படிக் கட்டிவைத்தது? இருந்தாலும் அவள் முடிவு செய்துவிட்டாள். காலையில் போய்ச் சொல்லிவிடுவது, விலா ஒடிந்தால் ஒடியட்டும்.

காலையில் கடைசியாக ஒரு தடவை முயன்று பார்ப்போம் என்று சோற்றைப் பிசைந்தாள். ஊட்டிப் பார்ப்பதையும் விட்டு, அவளும் சாப்பிடாமல் இரண்டு நாள் ஆகியிருந்தது. கவளத்தை உருட்டும்போது கண்ணீர் அதிலேயே விழுந்தது. செரஃபினா அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஆத்திரம் இருந்தது, நக்கித் தின்கிற ஆத்திரம், அழுகிற அம்மாவைப் பார்க்கிற ஆத்திரம். இடக்கையைத் தட்டில் போட்டு ஒரு பிடி சோற்றை அள்ளினாள். பாதி மடியில் சிந்தியது. "நீ தின்னும்மா, நீ தின்னு" என்று சொல்லிக்கொண்டே, எப்போதும் அந்தப் பக்கம் போகிற கையை இந்தப் பக்கம் இழுத்து, அம்மா வாயை நோக்கி நீட்டினாள், அதே நேரம் டெல்பினாவின் கவளமும் மகள் வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கையும் நடுவில் ஒன்றையொன்று தாண்டின. இரண்டும் போய்ச் சேர்ந்தன.

செரஃபினா மென்று விழுங்கினாள். "உப்பு கூடிப்போச்சும்மா" என்றாள்.

டெல்பினா மறுபடி உருட்டினாள், செரஃபினா மறுபடி அள்ளினாள், மறுபடியும் சேர்ந்தது. சீப்பை எடுத்தாள். இன்னொரு சீப்பை மகளின் இடக்கையில் கொடுத்தாள், அது டெல்பினாவின் தலையை வாரவில்லை, கலைத்தது, கலைத்தாலும் போதுமாக இருந்தது, டெல்பினாவின் கை மகளின் சிக்கை எடுத்தது. இவ்வளவு எளிதான ஒன்று ஒரு ஊருக்கே ஏன் தெரியாமல் போயிற்று என்று கேட்டால், அந்த ஊரில் செய்கிறவர்கள் செய்வார்கள், வாங்குகிறவர்கள் வாங்குவார்கள், ஒருவருக்கொருவர் ஒரே நேரத்தில் எதையும் செய்து பார்த்த வழக்கம் குடிகாரர்களைத் தவிர வேறு யாருக்கும் இருக்கவில்லை.

கொடிமரத்தடியில் ஊரே கூடியிருந்தது. டெல்பினா மகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் தலை பறட்டையாகக் கிடந்தது, மகளின் தலை எண்ணெய் வைத்து இரட்டைச்சடையாகப் பின்னியிருந்தது, அதைப் பார்த்ததும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"வாம்மா, வந்து ஆரம்பி" என்றார் தொம்மை கர்வாலோ.

"ஆரம்பிக்கத்தான் வந்தேன்" என்ற டெல்பினா, தூக்குவாளியைத் திறந்து கொடிமரத்தின் அடியில் உட்கார்ந்து, மகளுக்கு ஊட்டினாள், மகள் அவளுக்கு ஊட்டினாள். சோறு சிந்தியது.

கிளாரிந்தா டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, அதுதான் பாக்கிப் பாதி! ஒருத்தருக்கொருத்தர் செய்றது. அதே வால்தான் இதுக்கும். கரண்ட் போச்சு, அப்புறம் நீங்க மண்டபத்தைப் பூட்டிட்டீங்க, நான் எங்க போய்ச் சொல்றது?"

ரீத்தம்மாள் தன் தங்கச்சியின் தலையைத் தொட்டாள், தங்கச்சி இவள் தலையைத் தொட்டாள். கல்யாணமான அந்தப் புதுப்பெண் மாப்பிள்ளையை ஒரு தினுசாகப் பார்த்தாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது, அது ஆண்கள் பக்கத்துக்குப் போனபோது வேறு மாதிரி ஆனது. கஸ்பார்தான் முதலில் புரிந்துகொண்டான். இத்தனை நாளும் செலவாகாமல் கிடந்த கோபமெல்லாம் அவன் முகத்தில் ஏறியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றான்.

"ஏட்டி, அப்ப நீயும் கைய ஓங்கு. நானும் ஓங்குதேன். சேந்து ஓங்கினா எனக்கும் விழும், ஒனக்கும் விழும். நியாயம்தான? ஓங்குட்டி!"

"இங்க வச்சா?"

"இங்கதான். ஒனக்கு ஆசை இல்லன்னு சொல்லு பாப்போம்."

ஆசை இருந்தது. பொய் சொல்வானேன்? கல்யாணமான நாளிலிருந்து அந்த ஆசை அவள் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது. உப்புக்கு வாங்கினது, உப்பில்லாமைக்கு வாங்கினது, பிள்ளை இப்படிப் பிறந்ததற்கு வாங்கினது, வாங்கிவிட்டு மெழுகுவத்தி ஏற்றினது எல்லாம் அந்தக் கையில் வந்து நின்றது, கை தானாக மேலே எழுந்தது. ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டெல்பினா கையை ஓங்கினாள். கஸ்பாரும் ஓங்கினான். ஓங்கும்போது அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, தன் அடி விழுவதற்கு இவள் அடியை வாங்கிக்கொள்ளவும் தயார் என்கிற சந்தோஷம். அதை அவள் பார்த்துவிட்டாள்.

ஓங்கிய கையால் டெல்பினா, மகள் கலைத்துவிட்டிருந்த தன் முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

கஸ்பாரின் கை அதற்குள் புறப்பட்டுவிட்டது. பாதி வழியில் திரும்பி, முழு வேகத்தோடு அவன் வாயிலேயே விழுந்தது. உதடு கிழிந்தது. ரத்தம் சட்டையில் சொட்டியது.

தொம்மை கர்வாலோ பழக்க தோஷத்தில் அருகே போய், அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னார். "பொறுத்துக்கிடு" என்றார், கஸ்பாரிடம். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புகூட வரவில்லை, அவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தலைவரே, ரத்தம் பாத்த கை" என்றாள் ரீத்தம்மாள். "சட்டம் என்ன சொல்லுது?"

சட்டம் யாருடைய ரத்தம் என்று சொல்லவில்லை. முன்னோர்களுக்கு அது தோன்றியிருக்கவில்லை. ரீத்தம்மாள் விடவில்லை, இத்தனை நாளில் ஈறும் உதடும் கிழிந்து பல்வலி என்று சொல்லித் திரிந்த அத்தனை பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கொடி ஏறியதும், சாயங்காலம், அவர்கள் ஆளுக்கொரு கட்டு மெழுகுவத்தியோடு கெபிக்கு வந்தார்கள். தொம்மை கர்வாலோவின் கையிலும் ஒரு கட்டு இருந்தது.

"ஏத்தும்மா" என்றார் அவர், டெல்பினாவைப் பார்த்து.

"கை அவருது, ரத்தமும் அவருது" என்றாள் டெல்பினா, கஸ்பாரைக் காட்டி. "அவரே ஏத்திக்கிடட்டும்."

மகளின் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள், மற்ற பெண்களும் அவள் பின்னால் போனார்கள். கெபியில் ஆண்கள் மட்டும் இருந்தார்கள். கஸ்பார் முதல் மெழுகுவத்தியை நட்டு, தீக்குச்சியைக் கிழித்து ஏற்றினான். கடல்காற்று வந்து அணைத்தது. இன்னொரு குச்சி கிழித்தான், அதையும் அணைத்தது. அவன் இடக்கையைக் குவித்து மறைத்தான், அது எப்படிக் குவிப்பது என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை, விரலிடுக்கில் காற்று புகுந்தது. யாராவது வருவார்களா என்று திரும்பிப் பார்த்தான். பெண்கள் ரொம்ப தூரம் போயிருந்தார்கள். அவன் மறுபடி குச்சியைக் கிழித்தான்.